உதைபந்து என்னும் வினைத்தொகை

தமிழ்நாட்டார் காற்பந்து என்று வழங்குவதை ஈழத்தவராகிய நாம் உதைபந்து என்கிறோம். இவ்விரண்டனுள் எது சிறந்தது என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் வினவினான். காற்பந்து, காலால் ஆடும் பந்து என விரியும் வேற்றுமைத்தொகை. உதைபந்து வினைத்தொகை, உதைத்த பந்து, உதைக்கின்ற பந்து, உதைக்கும் பந்து என முக்காலமும் அதனுள் மறைந்து நிற்கும். இலக்கண நெறியில் இரண்டும் குற்றமற்றவை. ஆயினும் என் நெஞ்சு உதைபந்தின் பக்கமே சாய்கிறது. ஏன் என்று அவன் கேட்குமுன் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாது விட்டதை இன்று எழுதுகிறேன்.

பந்தாட்டம் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலே கந்துகவரி உண்டு. பெருங்கதையின் வத்தவ காண்டத்திலே 'பந்தடி கண்டது' என ஒரு பகுதியே உண்டு. ஆனால் அவை மகளிர் கையால் அடித்தாடிய பந்துகள். காலால் உதைத்தாடும் இவ்வாட்டம் 1863ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் விதி வகுக்கப்பெற்றுக் கப்பலேறிப் புறப்பட்டது. திருகோணமலைக்கு அது துறைமுகத்தின் வழியே, ஆங்கிலக் கடற்படையினரோடு வந்ததென்று எம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கற்பித்தவரையே வெல்லும் ஆற்றல் கற்றவர்க்கு வருவதுண்டு. கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்தார் 1911ஆம் ஆண்டில், பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலப் படையணியொன்றை வென்று கேடயம் பெற்றமை உலகறிந்தது. எம் நகரத்துக் கடற்படைத் தளம் 1957ஆம் ஆண்டில் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. மாலுமிகள் போயினர், பந்து போகவில்லை. 'கோல்' என்ற அவர்தம் சொல்லும் போகவில்லை. இரு கோல்களை நட்டு அவற்றினூடே பந்தைச் செலுத்துவதாதலின், அச்சொல்லைத் தமிழன்று எனத் தள்ள என் போன்ற பண்டிதர்க்கும் மனம் வருவதில்லை.

நான் பந்தாடியவன் அல்லன். எல்லைக்கோட்டருகே நின்று தொண்டை கட்டும்வரை கத்தியவன். நான் பயின்ற கல்லூரியின் பெயரையும் எங்களோடு மோதிய கல்லூரிகளின் பெயர்களையும் எழுதப்போவதில்லை. எழுதினால் இக்கட்டுரையை எவரும் முடிவுவரை படியார். கட்சி கட்டத் தொடங்கிவிடுவர். இரண்டாந் தவணையிலே, கச்சான் காற்று வீசும் காலத்திலே எங்கள் ஆட்டங்கள் நடைபெற்றன. காற்றுக்கு எதிராக உதைத்த பந்து உதைத்தவனிடமே திரும்பி வரும். மைதானத்து ஓரத்தில் மான்கள் மேயும். கச்சான் கொட்டை விற்கும் ஆச்சியும் ஐஸ்பழ வண்டிக்காரரும் எந்தக் கல்லூரி வென்றாலும் வருந்தாத நடுநிலையாளர்கள்.

பார்த்த ஆட்டங்கள் பல. அவற்றுள் இரண்டைமட்டும் சொல்வேன்.

முதலாவது, நாங்கள் தோற்ற ஆட்டம். கிண்ணியாவிலிருந்து ஓர் அணி வரவேண்டியிருந்தது. 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலம் அக்காலத்தில் இல்லை. 'பாதை' என நாம் வழங்கும் மிதவையில் ஏறியே அவர்கள் நீரைக் கடக்க வேண்டும். அன்று பாதை பிந்திவிட்டது. குறித்த நேரத்துக்கு வராதவர் தோற்றவராவர் என்பது விதி. மத்தியஸ்தர் எங்கள் ஆசிரியரை நோக்கினார். அவரோ, "பிள்ளைகள் வரட்டும்" என்று சொல்லி மர நிழலில் அமர்ந்துகொண்டார். ஒரு மணி நேரங் கழித்து வந்த பிள்ளைகள் எங்களை இரண்டு கோல்களால் வென்றனர். ஆட்டம் முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து வாங்கொலி எழுந்தது. அவர்கள் மைதானத்து மூலையில் மஃரிப் தொழுகைக்கு நின்றனர். தோற்ற ஆத்திரத்தில் கூச்சலிட்டுக்கொண்டிருந்த நாங்கள் எவரும் சொல்லாமலே வாய் மூடினோம். பிறர் வழிபாட்டை மதிக்க வேண்டும் என்று பாடநூலில் படித்திருந்தேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது அன்றுதான்.

இரண்டாவது, முடிவுறாத ஆட்டம். ஆண்டு 1985. நகரத்துக் கல்லூரிகள் இரண்டு மோதின. இடைவேளையின்போது ஆளுக்கொரு கோல். பிற்பாதியில் எல்லை கடந்து உருண்ட பந்து என் காலடியில் வந்து நின்றது. எடுத்து நீட்டினேன். எதிர்க் கல்லூரியின் இடப்புற ஆட்டக்காரர், என்னிலும் இரண்டு வயது மூத்தவர், அதனை வாங்கக் கை நீட்டினார். அவ்வேளையில் யாரோ ஓடிவந்து மத்தியஸ்தரின் காதில் ஏதோ சொன்னார். ஊதுகுழல் நீண்டு ஒலித்தது. உடனே வீடு செல்லுங்கள் என்றனர். அந்த அண்ணர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "தம்பி, நீ வைச்சிரு. நாளைக்கு வந்து வாங்கிறன்" என்று சொல்லிப் போனார்.

அந்த நாளை வரவில்லை. அவ்வாண்டின் நடுப்பகுதியில் எம் மாவட்டம் பட்ட பாட்டை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. கல்லூரிகள் மூடப்பட்டன. வாரக்கணக்கில் அப்பந்து எங்கள் வீட்டு மூலையில் கிடந்தது. அதனை உதைக்க எனக்குக் கால் எழவில்லை. பின்னர் நாங்களும் வீட்டை விட்டுப் போனோம். திரும்பியபோது கூரையே இல்லை. பந்தை எங்கே தேடுவது? அந்த அண்ணரைப் பின்னர் நான் கண்டதில்லை. அவர் கடல் கடந்து போனார் என்பாரும் உளர். வேறு கூறுவாரும் உளர்.

போரை ஒருபுறம் வைத்துக்கொண்டு பந்தைப் பெரிதாகப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆட்ட முடிவில் கல்லெறிந்து மண்டை உடைத்த நாள்களை மறந்தீரோ என்றும் கேட்பர். மறக்கவில்லை. அவ்வெறி இழிவானதே. ஆனால் பயிருக்குள் களை முளைத்தால் களையைப் பிடுங்குவோமேயன்றி வயலைத் தரிசாக விடோம். 1897ஆம் ஆண்டில் சென்னை இளைஞர்முன் பேசிய விவேகானந்த அடிகள், கீதையைக் கற்பதினும் உதைபந்து ஆடுதல் அவர்களை விண்ணுலகுக்கு அணுக்கமாக்கும் என்னுங் கருத்தைச் சொன்னார். உரம் பெற்ற உடலோடு கீதையை அணுகினால் அது இன்னும் நன்றாக விளங்கும் என்பது அவர் கருத்து. அவ்வடிகள் நிறுவிய சங்கத்தார் எம் நகரின் இந்துக் கல்லூரியை நடத்திய காலமும் உண்டு. யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள் அங்கே பணியாற்றியவர்.

இன்று மைதானங்களைப் பறிப்பது போரன்று, பிரத்தியேக வகுப்பு. பள்ளி விட்டதும் பிள்ளைகள் பொதியோடு அடுத்த கொட்டகைக்கு ஓடுகின்றனர். என் மாணவருள் பந்தாட்டத்தில் தேர்ந்த ஒருவனை அவன் தந்தையார் அணியிலிருந்து நீக்கச் சொன்னார். "இதாலை இசட் புள்ளி கூடுமோ, ஐயா?" என்பது அவர் கேள்வி. கூடாது. அதனை நான் மறுக்க இயலாது. ஆனால் எம் மாவட்டத்துப் பிள்ளைகள் மொழியாலும் சமயத்தாலும் வெவ்வேறு பள்ளிகளில் பிரிந்தே வளர்கின்றனர். ஒருவரை ஒருவர் முகம் பார்த்து, ஒரே விதிக்கு உட்பட்டு, வென்றும் தோற்றும் கை குலுக்கும் இடம் மைதானம் ஒன்றுதான். அதையும் மூடிவிட்டு, நல்லிணக்கத்தைப் பற்றிக் கட்டுரைப் போட்டி வைப்பதால் யாது பயன்?

இன்னுமொன்று. கொழும்பிலே றோயல், சென் தோமஸ் கல்லூரிகளின் துடுப்பாட்டப் போட்டி 1879ஆம் ஆண்டில் தொடங்கியது. யாழ்ப்பாணத்து மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான பெருஞ்சமர் 1904ஆம் ஆண்டிலிருந்து பேசப்படுகிறது. யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பது வரை அங்கே எழுத்தில் உண்டு. நான் கண்டு களித்த உதைபந்தாட்டங்களோ முதியோர் சிலரின் நினைவிலன்றி வேறெங்கும் இல்லை. அவர்களும் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கின்றனர். பழைய மாணவர் சங்கத்தார் வளைவுகளுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் செலவிடுவதிற் சிறு பகுதியை ஒதுக்கி, அம்முதியோர் சொல்வதைக் கேட்டு எழுதுவிக்கலாம். அதிபர்கள் கிழமையில் இரண்டு மாலைகளையாவது பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். ஆண்டுக்கொரு முறை எல்லாக் கல்லூரிகளும் கூடும் ஆட்டமொன்றை நாள் குறித்து நடத்தலாம்.

மாணவனுக்கு என் மறுமொழி இதுவே. உதைத்த பந்தை நான் கண்டேன். உதைக்கின்ற பந்தை இன்று எம் மைதானங்களில் அரிதாகவே காண்கிறேன். உதைக்கும் பந்து எஞ்சியிருக்கிறது. அது இனிப் பெற்றோர் கையிலும் அதிபர்கள் கையிலுமே உள்ளது.