விற்க முடியாத வயலும் ஊர்விட்டுப் போகும் ஆண்களும்

மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்களைப் பற்றி நம் சூழலில் யார் குறிப்பெழுதினாலும் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. அவர்கள் உலகின் மிகப்பெரிய தாய்வழிச் சமூகத்தினர், சொத்தெல்லாம் அங்கே பெண்களுக்கே என்பது முதலாவது. அங்குள்ள ஆண்கள் மனைவி வீட்டில் விருந்தாளிகள், ஆகவே பயணப் பிரியர்கள் என்பது இரண்டாவது. முன்னதை மேடையில் பெண்ணுரிமை பேசுவோர் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னதைப் பயணக் கட்டுரையாளர்கள். இரண்டும் முழுப்பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவற்றைத் தனித்தனியே பிய்த்தெடுத்து ரசிப்பது அந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ளாமல் இருப்பதற்கான மிகச் சுலபமான வழி. அங்கே வயலும் பயணமும் ஒரே ஏற்பாட்டின் இரு முனைகள். அந்த ஏற்பாட்டின் அச்சாணி நிலத்தை விற்க முடியாது என்பது. அதைத் தொடாமல் பெண்ணாட்சி என்றும் நாடோடி மனம் என்றும் பேசுவது வெறும் சுற்றுலா விளம்பரம்.

முதலில் ஊர். மினாங்கபாவ் மேட்டுநிலத்தின் அடிப்படை அலகுக்கு நாகரி என்று பெயர். வடமொழிச் சாயலைக் கண்டு நகரம் என்று எண்ணிவிட வேண்டாம். மராப்பி, சிங்காலாங் எரிமலைகளின் சரிவுகளில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்களும், அவற்றின் நடுவே திட்டுத்திட்டாகக் கிடக்கும் ஜோரோங் எனப்படும் சிறு குடியிருப்புகளும் சேர்ந்ததே நாகரி. எருமைக் கொம்புபோல் முனைகள் மேலெழுந்த கூரையுடைய பெருவீடு, அதன் முற்றத்தில் நெற்களஞ்சியம், சற்றுத் தள்ளிச் சுராவ் என்னும் சிறு தொழுகையிடம். பெருவீட்டின் அறைகள் பெண்களுக்கு உரியவை. விவரம் தெரிந்த வயதில் பையன் இரவுகளைச் சுராவில் கழிக்கத் தொடங்கிவிடுவான். பிறந்த வீட்டில் அவனுக்கென்று அறை கிடையாது. மணமான பின் மனைவி வீட்டில் அவன் நிலை, வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேல் படிந்த சாம்பல் போன்றது என்று அவர்களே சொல்வார்கள். ஒரு காற்றடித்தால் போதும். இந்த ஏற்பாடெல்லாம் இன்று பெருமளவு தளர்ந்துவிட்டது. கணவன், மனைவி, குழந்தைகள் மட்டும் வாழும் செங்கல் வீடுகளே இப்போது மிகுதி. ஆனால் வயலின் சட்டம் வீட்டின் சட்டத்தைப்போல் அவ்வளவு விரைவாகத் தளரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊர் நாகரி எனப்படுவதற்கு வழக்காறு விதிக்கும் இலக்கணத்தில் வயல், மன்றம், மசூதி, இடுகாடு ஆகியவற்றோடு பாதையும் குளிதுறையும் கட்டாயம் இடம்பெறுகின்றன. வெளியே போக வழியில்லாத குடியிருப்பை அவர்கள் ஊராகவே கணக்கிடவில்லை. காலங்காலமாக மாறாத, தன்னுள் மூடுண்ட ஆசியக் கிராமம் என்ற காலனியக் கற்பனையை இன்றும் தோளில் சுமப்பவர்கள் இதை ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி நிலம். பூசாகோ திங்கி என்பது தாய்வழியில் பல தலைமுறை கடந்து வந்த நிலம். இதைச் 'சொத்து' என்று மொழிபெயர்த்த கணத்திலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் வழங்கும் முதுசொம், தேடியதேட்டம் என்ற இரு சொற்கள் இங்கே நமக்குக் கைகொடுக்கும். பூசாகோ திங்கி ஏறத்தாழ முதுசொம். ஒருவர் தம் வாழ்நாளில் ஈட்டியதற்கு அவர்கள் சொல்லும் பெயரின் நேர்ப்பொருளே 'தேடியது' என்பதுதான். தேடியதை விற்கலாம், கொடுக்கலாம். முதுசொத்தை விற்கக் கூடாது. வயல் ஒரு பாட்டியின் வழிவந்த கூட்டத்துக்கு உரியது. அக்கூட்டத்தின் பெண்களுக்கு இன்ன வயலை இன்னார் உழுது உண்ணலாம் என்று பகிர்ந்து தரப்படுகிறது. அவர்கள் பெறுவது அனுபவ உரிமை. கூட்டத்தின் சார்பில் பேசுபவர் மாமாக், அதாவது தாய்மாமன். குலத் தலைவர்களான தாத்துக்கள் அனைவரும் ஆண்கள்.

ஆகவே 'பெண்களுக்கே சொத்து' என்பவர்களிடம் என் கேள்வி எளியது. விற்க முடியாத, தனியொருத்தியாக அடகு வைக்கவும் முடியாத ஒன்றுக்கு ஒருத்தி உரிமையாளர் என்றால் அந்த உரிமையின் பொருள் என்ன? நாம் பழகிய அர்த்தத்தில் எதுவுமில்லை. வேறோர் அர்த்தத்தில் மிகப் பெரியது: அவளை யாரும் அந்த நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாது. கணவன் விலகினாலும், அண்ணன் கடன்பட்டாலும், மாமன் சூதாடினாலும் அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் சோறு உண்டு. மானுடவியலாளர் பெகி ரீவ்ஸ் சாண்டே 2002இல் வெளியிட்ட தம் நூலில் இச்சமூகத்தைத் தாயாட்சி என்றே அழைத்தார். ஆனால் தந்தையாட்சியைக் கண்ணாடியில் திருப்பிப் பார்ப்பது போன்றதல்ல இது என்று சொல்லி, அச்சொல்லுக்கே புதிய விளக்கம் தந்த பிறகுதான் அப்படி அழைத்தார். நம்மவர்கள் விளக்கத்தை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

விற்கக் கூடாது, அடகு வைக்கலாம். அதற்கும் நான்கே காரணங்களை வழக்காறு அனுமதிக்கிறது. வீட்டில் பிணம் கிடந்து அடக்கம் செய்ய வழியில்லாத போது. பெருவீட்டின் கூரை ஒழுகும்போது. வயது வந்த பெண்ணுக்குத் திருமணம் ஆகாமல் இருக்கும்போது. குலத் தலைவர் பதவி நிரப்பப்படாமல் கிடந்து, அதை மீட்டெடுக்க வேண்டியபோது. இந்தப் பட்டியலில் இல்லாததைக் கவனியுங்கள். ஓர் இளைஞனின் தொழில் முதலீடு இல்லை. அவனுடைய படிப்பு இல்லை. அவனுடைய திருமணம் இல்லை. வீட்டின் ஆண்பிள்ளைக்கு அந்த வயலிலிருந்து எழக்கூடிய ஒரு தேவையையும் வழக்காறு தேவையாக அங்கீகரிக்கவில்லை. பிறகு அவன் என்ன செய்வான்? கிளம்புவான்.

இந்த இடத்தில்தான் ஹம்காவின் 'வான் டெர் வெய்க் கப்பலின் மூழ்கல்' நாவலை நாம் சரியாக வாசிக்கவில்லை என்று தோன்றுகிறது. 1938இல் தொடராக வந்து மறு ஆண்டு நூலான இந்நாவலைக் காதல் சோகமாகவே வாசிக்கிறார்கள். 2013இல் வந்த திரைப்படமும் அவ்வாசிப்பையே உறுதிசெய்தது. அறிஞர் வட்டத்திலோ 1962இல் எழுந்த இலக்கியத் திருட்டுச் சர்ச்சை, எகிப்திய எழுத்தாளர் மன்பலூத்தியிடமிருந்து எடுத்தாரா இல்லையா என்ற வழக்கு, எல்லா ஆற்றலையும் விழுங்கிவிட்டது. நாவல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நாயகன் ஜைனுதீனின் தந்தை முதுசொ நிலத்தை அடகு வைக்கக் கேட்கிறார், மாமாக் மறுக்கிறார், தகராறில் மாமாக் கொல்லப்படுகிறார். தந்தை ஜாவாவின் சிலாச்சாப்புக்குக் கடத்தப்பட்டு, பின்பு மக்காசாரில் ஒரு பூகிஸ் பெண்ணை மணக்கிறார். மகன் தந்தையின் ஊரான பாத்திப்பூவுக்கு வருகிறான். தாய் மினாங்கபாவ் அல்ல என்பதால் அவனுக்கு அங்கே குலமில்லை. குலமில்லாதவனுக்கு ஹயாத்தியை மணமுடித்துத் தர மாட்டார்கள். ஒரு வயலை அடகு வைக்க மறுத்ததிலிருந்து இரண்டு தலைமுறை அழிவு கிளம்புகிறது. இதைக் 'காதலுக்குச் சமூகம் தடை' என்று சுருக்குவது ஹம்காவுக்குச் செய்யும் அநீதி. விற்க முடியாத நிலம் யாரைக் காக்கிறது, யாரை வெளியே தள்ளுகிறது என்ற இரண்டையும் அவர் ஒரே கதையில் வைத்தார். அந்த ஏற்பாட்டைப் போற்றுபவர்கள் ஜைனுதீனுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நானும் போற்றுபவன்தான், எனக்கு அதற்கு நல்ல பதில் கிடையாது.

பயணத்துக்கு வருகிறேன். மெரந்தாவ் என்ற சொல்லைப் 'புலம்பெயர்வு' என்று மொழிபெயர்க்கிறார்கள். அச்சொல்லில் நாம் ஏற்றிவைத்திருக்கும் துயரமும் அரசியலும் அங்கே பொருந்தா. சமூகவியலாளர் மொக்தார் நயிம் 1979இல் வெளிவந்த தம் ஆய்வில் அதை வரையறுத்தபோது, தன் விருப்பத்தால் கிளம்புதல், பிழைப்போ கல்வியோ அனுபவமோ தேடுதல், திரும்பும் எண்ணம் ஆகியவற்றோடு, அது பண்பாட்டில் வேரூன்றிய ஒரு நிறுவனம் என்பதையும் சேர்த்தார். ஓர் ஆண் கிளம்புவது அவனுடைய தனிமனித சாகசம் அல்ல. ஊர் அவனை அனுப்புகிறது. முற்காலத்தில் மலாயாவின் நெகிரி செம்பிலானுக்குப் போனவர்கள் தங்கள் தாய்வழி முறையையும் கொண்டுபோய் அங்கே நட்டார்கள். பின்பு மேடான், ஜகார்த்தா. துணிக்கடை, தையல், சோற்றுக்கடை. 1958 முதல் 1961 வரை நடந்த கிளர்ச்சியில் தோற்ற பிறகு கிளம்பியவர்கள் ஏராளம். அந்தக் கட்டத்தைப் புலம்பெயர்வு என்று அழைத்தால் நான் மறுக்க மாட்டேன். 2010 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தோனேசியாவில் மினாங்கபாவ் மக்கள் சுமார் 64 லட்சம். மேற்குச் சுமத்திராவில் இருந்தவர்கள் சுமார் 42 லட்சம். இந்தோனேசியாவின் மிகப் பழைய பேருந்து நிறுவனமாக அறியப்படும் என்.பி.எம். 1937இல் படாங் பாஞ்சாங்கில் தொடங்கியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பாத்திப்பூ அதன் பக்கத்து ஊர்.

இந்தப் பயணத்துக்கான உண்மையான முதலீடு எது? ஊரில் கிடக்கும் வயல்தான். ஜகார்த்தாவின் நடைபாதையில் துணி விரித்து நட்டப்பட்டவன் பட்டினி கிடக்கலாம். அவனுடைய தாயும் அக்காளும் பட்டினி கிடக்கவில்லை, அவன் எப்போது வேண்டுமானாலும் ஊருக்குத் திரும்பலாம். நாற்று நடுவதும் களையெடுப்பதும் அறுவடையைப் பார்ப்பதும் அங்கிருக்கும் பெண்கள். மெரந்தாவ் பற்றிய புகழுரைகளில் இப்பெண்கள் வருவதே இல்லை. பெருநாள் சமயம் கூட்டமாக ஊர் திரும்பும் ஆண்களின் வாகன வரிசை மட்டும் வருகிறது. பிற்காலத்தில் பெண்களும் குடும்பத்தோடு கிளம்பினார்கள். திரும்பாமலேயே தங்கிவிடுபவர்களைச் 'சீனர் போல் மெரந்தாவ் போனவர்கள்' என்று சொல்லும் வழக்கம் உண்டு. அதிலுள்ள இனக் கிண்டல் எனக்கு உவப்பில்லை, ஆனால் அச்சம் உண்மையானது. உழ ஆளில்லாத முதுசொம் என்னவாகும் என்ற அச்சம் அது.

முதுசொத்தின் மீது இரு திசைகளிலிருந்து தாக்குதல் வந்தது. மக்காவில் வாழ்ந்த மினாங்கபாவ் அறிஞர் அகமது கத்தீப், மருமக்களுக்குச் செல்லும் இந்த நிலம் இஸ்லாமிய வாரிசு முறைக்கு எதிரானது என்று கண்டித்தார். அவருடைய மாணவரும் ஹம்காவின் தந்தையுமான ஹாஜி ரசூல் வேறு விதமாகப் பார்த்தார்: விற்கப்படாமல் பொதுப்பயனுக்கு நிறுத்திவைக்கப்பட்ட அறக்கொடை நிலம் போன்றது இது என்றார். 1952இல் புக்கிட்டிங்கியில் கூடிய மாநாடு தேடியதேட்டம் இஸ்லாமிய முறைப்படி பிள்ளைகளுக்கு, முதுசொம் வழக்காற்றுப்படி தாய்வழிக்கு என்று பிரித்துவைத்தது. நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழியோடு ஒப்பிட விரும்புபவர்கள் இந்த வேறுபாட்டைக் கருத வேண்டும். அங்கே 1926இல் வந்த சட்டம் மருமக்கள்வழியை முடித்துப் பாகப்பிரிவினைக்கு வழிவிட்டது. இங்கே புதிதாக ஈட்டியதைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துப் பழைய வயலைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இதைப் பிற்போக்கு என்பவர்கள், பாகப்பிரிவினைக்குப் பிறகு நாஞ்சில்நாட்டில் எத்தனை பெண்களிடம் வயல் தங்கியது என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் தாக்குதல் அரசிடமிருந்து. 1960இல் வந்த ஒரு விதி, 7 ஆண்டுகளுக்கு மேல் அடகில் இருந்த விளைநிலத்தைப் பணம் கேட்காமல் திருப்பித் தர வேண்டும் என்றது. ஏழை உழவனின் நிலத்தை வட்டிக்காரன் சுருட்டுவதைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் மினாங்கபாவில் அடகு பெரும்பாலும் உறவினருக்குள்ளேயே நடப்பது, தலைமுறை கடந்தும் மீட்கப்படுவது; அவ்விதி அங்கே ஏட்டளவிலேயே கிடந்தது. 1979இன் கிராம நிர்வாகச் சட்டம் நாடு முழுவதற்கும் ஜாவாவின் 'தேசா' என்ற ஒரே அச்சை வார்த்தது. மானியம் தேசா ஒன்றுக்கு இவ்வளவு என்று வந்ததால், 1983இல் மாநில நிர்வாகம் ஐந்நூறு சொச்சம் நாகரிகளை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தேசாக்களாக உடைத்தது. ஜோரோங்குகள் திடீரெனக் கிராமங்களாயின. பொதுநிலமும் காடும் எந்தத் தேசாவுக்கு என்று எவருக்கும் தெரியவில்லை. சுகார்த்தோ வீழ்ந்த பின், 2000ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் நாகரியை மீட்டது. பசாமான் பகுதியில் எண்ணெய்ப்பனைக்காக நாகரிகள் விட்டுக்கொடுத்த பொதுநிலமோ, குத்தகைக் காலம் முடிந்தால் நாகரிக்குத் திரும்பாமல் அரசு நிலமாகிவிடும் என்ற சட்டச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. விற்கவில்லை, வாடகைக்குத்தான் கொடுத்தோம் என்றார்கள் ஊரார். அரசின் பதிவேட்டில் அப்படி ஒரு பிரிவே இல்லை.

இப்போது நிலப்பட்டா இயக்கம். 2017 முதல் நாடு முழுவதும் வேகம் பிடித்த இத்திட்டத்தை ஆதரிப்பவர்கள், பட்டா இருந்தால் வங்கி கடன் தரும் என்கிறார்கள். தரும். கடன் கட்டாவிட்டால் எடுத்துக்கொள்ளவும் செய்யும். வங்கிக்குக் கூரை ஒழுகுவதும் ஒன்றுதான், கடை வைப்பதும் ஒன்றுதான். முதுசொத்துக்குக் கூட்டுப் பட்டா உண்டே என்பார்கள். உண்டு, அதில் பெயர் எழுதும் நாளில்தான் சண்டை தொடங்குகிறது. மாமாக் தன் பெயரை முதலில் எழுதினால் பேசுபவராக எழுதினாரா, உரியவராக எழுதினாரா? அவர் இறந்த பின் அவருடைய பிள்ளைகள், வழக்காற்றுப்படி அந்த நிலத்தில் துளியும் பங்கில்லாதவர்கள், பட்டாவைக் காட்டி வந்தால்? ஊரில் இருந்து வயலைப் பார்க்கும் பெண்ணின் பெயர் இருக்குமா, ஊருக்கே வராத அவள் தங்கையின் பெயரும் இருக்குமா, ஜகார்த்தாவில் பிறந்த தங்கை மகளின் பெயர்? அனுபவ உரிமையை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மேற்குச் சுமத்திராவின் நீதிமன்றங்கள் ஏற்கெனவே முதுசொ வழக்குகளால் நிறைந்திருக்கின்றன. அடுத்த முறை பெண்களின் நாடு என்று எழுத உட்காருபவர்கள் அந்தப் படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.