பாதிச் சத்தத்தில் கேட்கிறதா?

கே.பி.சுந்தராம்பாள் பெயரின் முதலெழுத்தில் இருக்கும் ஊர் கொடுமுடி. 1908-இல் அந்தக் காவிரிக்கரை ஊரில் பிறந்தவர், ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடைகளில் பாடிப் பெயர் வாங்கினார். கொட்டகையின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் சொல்லாகப் போய்ச் சேர வேண்டும் என்பதால் அக்கால நடிகர்கள் உச்ச சுருதியில் பாடினார்கள். அதில் பாதி வேலையைக் குரல் செய்தது. மீதியைக் கொட்டகையின் அமைதி செய்தது. கூட்டம் பேச்சை நிறுத்தினால்தான் பாட்டு பின்வரிசைக்கு எட்டும். அதே குரலை, 1953-இல் வந்த 'ஔவையார்' படப் பாடலாக, கொடுமுடியிலிருந்து ஈரோடு போகும் பேருந்தில் இன்று ஒருவர் ஹெட்செட்டில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குரல் காதுக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் சத்தத்தை முக்கால் அளவுக்கு ஏற்றினால்தான் சொல் புரிகிறது. குரலிலோ பதிவிலோ குறையில்லை. பல நேரம் ஹெட்செட்டின் விலையிலும் குறையில்லை. அமைதிதான் இல்லை. அதனால், அன்றாடம் கேட்பதற்கு ஹெட்செட் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, அது வெளி இரைச்சலை எவ்வளவு தள்ளி நிறுத்துகிறது என்பதைத்தான் என்பது என் வாதம். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

கடையில் நடப்பது இதற்கு நேர்மாறு. பெட்டியின் மேல் டிரைவர் எத்தனை மில்லிமீட்டர், ஒரு முறை சார்ஜ் போட்டால் எத்தனை மணி நேரம் ஓடும், 'எக்ஸ்ட்ரா பாஸ்' உண்டா என்று அச்சிட்டிருக்கும். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்ற எண்ணும் அநேகமாக எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அது நல்ல செவியுள்ள இளம் வயதினரின் கேட்கும் எல்லை. அந்த எல்லைக்குள் ஒலி சீராக வருகிறதா, நடுவில் குரல் அமுங்கிப் போகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. வயர் இல்லாத கருவிகளில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஆனால் அது மின்பாதுகாப்புக்கான முத்திரை, காதுக்கான உத்தரவாதம் இல்லை. நாம் அன்றாடம் கேட்பது என்ன என்று யோசித்தால் இந்த எண்களின் மதிப்பு இன்னும் குறையும். செய்தி, பட்டிமன்றம், தேவாரம், பழைய பாட்டு, வீட்டிலிருந்து வரும் அழைப்பு என எல்லாமே குரல்தான். பழைய தொலைபேசி 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. அதிலேயே ஒரு தலைமுறை சண்டை போட்டது, சம்பந்தம் பேசியது. சுந்தராம்பாள் காலத்து இசைத்தட்டுகளிலும் படங்களிலும் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பயனுள்ள ஒலி அநேகமாக இல்லை. இல்லாததைக் கேட்க யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இரைச்சலுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் சேர்ந்து அறிமுகப்படுத்திய அளவுகோலின்படி, பெரியவர்களின் காது வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை தாங்கும். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். டெசிபல் கணக்கு, சாதாரணக் கூட்டல் கணக்குப் போல நடக்காது. மூன்று ஏறினால் நேரம் பாதியாகிவிடும். 85 டெசிபலுக்கு வாரம் பன்னிரண்டரை மணி, 90-க்கு 4 மணி, 100 டெசிபலுக்கு வெறும் 20 நிமிடம். கொடுமுடிக்கும் ஈரோட்டுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். வேலைக்கோ கல்லூரிக்கோ போய் வருகிறவருக்குப் பேருந்தில் மட்டும் தினம் இரண்டு மணி நேரமாவது போய்விடும். ஆறு நாளைக்குப் பன்னிரண்டு மணி. 85 டெசிபலில் கேட்டால் அந்த வாரப் பங்கு அநேகமாகச் சனிக்கிழமையோடு தீரும். ஆனால் இன்ஜின், ஹாரன், போதாததற்கு ஓட்டுநர் தலைக்கு மேல் பாடும் ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து 80 டெசிபலை நெருங்கும் இடத்தில், பாட்டு அவற்றுக்கு மேலே தெரிய வேண்டும் என்றால் 90-க்கு ஏற்றத்தான் கை போகும். அப்போது வாரப் பங்கு செவ்வாய்க்கிழமை மாலையே தீர்ந்துபோகிறது. மீதி நான்கு நாளும் காது கடனில் ஓடுகிறது. காதை நன்றாக அடைக்கும் ஓர் இயர்போன் வெளி இரைச்சலை 15, 20 டெசிபல் குறைத்தாலே, அதே பாட்டை 75-இல் நிம்மதியாகக் கேட்கலாம். பாட்டும் அதுதான், பேருந்தும் அதுதான். காதுக்கு மட்டும் ஆபத்து விலகிவிடுகிறது.

பாஸ் பிடித்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள் என்று தெரியும். தவிலும் டிரம்ஸும் நெஞ்சில் அதிர்ந்தால்தான் பாட்டு என்பார்கள். அந்த ஆசையில் தப்பில்லை. அதை நிறைவேற்றும் வழிதான் தப்பு. 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியபடி, சத்தம் குறையக் குறைய நம் காது முதலில் தவறவிடுவது அடித்தொனியைத்தான். காதுக்கும் இயர்போனுக்கும் நடுவே சந்து இருந்தால் அந்த அடித்தொனி இன்னும் வேகமாகக் கசிந்துவிடும். இரண்டும் சேரும்போது பாட்டு சப்பென்று ஆகிறது. நாம் சத்தத்தை ஏற்றுகிறோம். சந்தை அடைத்துவிட்டால் குறைந்த சத்தத்திலேயே பாஸ் திரும்பி வந்துவிடும். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு ரப்பர் இருக்கும். பலர் ஏற்கெனவே மாட்டியிருப்பதையே கடைசிவரை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பெட்டியோடு எறிந்துவிடுகிறார்கள். ஒரே ஆளுக்கு இடக்காதும் வலக்காதும் வேறு அளவாக இருப்பதுண்டு. மாட்டிய பிறகு விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பாஸ் கூடினால் அந்த ரப்பர் உங்கள் காதுக்குப் பொருந்தவில்லை. ரப்பரே இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் மொட்டாக வரும் வகை, அமைதியான வீட்டுக்குச் சரி, பேருந்துக்கு ஆகாது. வாங்கும் முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கடைக்குள் ஏசியில் நின்று கேட்காமல், வாசலுக்கு வந்து சாலையைப் பார்த்து நின்று, போனில் சத்தத்தைப் பாதியில் வைத்துத் தெரிந்த ஒரு பேச்சைப் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா? புரியவில்லை என்றால் அதன் மற்றப் பெருமைகள் எதுவும் உதவாது.

இதெல்லாம் காசுள்ளவர்களுக்கான யோசனை என்று ஒரு மறுப்பு வரலாம். இரைச்சலை மின்னணு முறையில் ரத்து செய்யும் கருவிகளை மனத்தில் வைத்துச் சொல்வார்கள். அப்படி ஒரு ஹெட்போன் செய்யும் எண்ணம் 1978-இல் ஒரு விமானப் பயணத்தின்போது அமர் போஸுக்குத் தோன்றியது. வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன ஒருவரின் மகன் அவர். வெளியிலிருந்து வரும் ஒலி அலைக்கு நேர் எதிரான அலையை உள்ளே எழுப்பி இரண்டையும் மோதவிடும் வித்தை அது. இன்ஜினின் ஒரே சீரான உறுமலுக்கு அது மிக நன்றாக வேலை செய்யும். பக்கத்து இருக்கைப் பேச்சுக்கும் திடீர் ஹாரனுக்கும் அவ்வளவாகச் செய்யாது. அங்கேயும் ரப்பரின் அடைப்புதான் கைகொடுக்கும். சரியாகப் பொருந்தும் ரப்பருள்ள, சில நூறு ரூபாய் வயர் இயர்போன், காதில் தளர்ந்து நிற்கும் ஐயாயிரம் ரூபாய்க் கருவியைவிடப் பாதுகாப்பானது. நெக்பேண்டா, இயர்பட்ஸா என்பது சௌகரியத்தைப் பொறுத்த கேள்வி. காதுக்கு அதில் வித்தியாசமில்லை.

இன்னொரு மறுப்புக்கு நான் முழுதாகத் தலைவணங்குகிறேன். காதை அடைத்துக்கொண்டு சாலையில் நடப்பவருக்குப் பின்னால் வரும் லாரி தெரியாது. ஈரோடு–கரூர் ரயில் பாதை கொடுமுடி வழியாகத்தான் போகிறது. மின்சார இன்ஜின் பழைய டீசல் இன்ஜினைப் போல வெகுதூரத்திலிருந்தே முழங்கிக்கொண்டு வருவதில்லை. ஆனால் அரைகுறையாக அடைக்கும் கருவி அங்கே பாதுகாப்புத் தரும் என்பது ஏமாற்று. 90 டெசிபலில் பாட்டு ஓடும் காதுக்கு எந்தக் கருவியிலும் ஹாரன் கேட்காமல் போகலாம். சாலையிலும் தண்டவாளத்துக்கு அருகிலும் இரு சக்கர வண்டியிலும் ஹெட்செட்டே கூடாது. உட்கார்ந்து பயணம் செய்யும்போது மட்டும் நன்றாக அடைக்கும் ஹெட்செட். காதில் சீழோ அரிப்போ உள்ளவர்கள் உள்ளே நுழைக்கும் வகையை விட்டு, காதை மூடி நிற்கும் ஹெட்போனுக்குப் போக வேண்டும். வெயில் காலத்தில் வியர்க்கும்தான், இடையிடையே கழற்றி வைக்கலாம்.

இந்த வாதம் செல்லாத ஓர் இடம் கொங்கு நாட்டில் இருக்கிறது. பள்ளிபாளையத்திலும் சோமனூரிலும் பல்லடத்திலும் நாடா ஓடும் விசைத்தறிகள் நிறைந்த கூடத்தில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் எல்லையே 90தான். அந்த இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க ஹெட்செட் போடும் தறிக்காரர் இரண்டு சத்தத்தையும் சேர்த்தே சுமக்கிறார். ஒரு காதுக்குள் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் உண்டு. கோழிக்கு அவை செத்தாலும் மறுபடி முளைக்கும், மனிதனுக்கு முளைக்காது. முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. அதனால் பேச்சு காதில் விழும், ஆனால் ச, ஸ போன்ற மெல்லிய ஓசைகள் நழுவி, சொல் பிடிபடாது. 'கேட்குது, புரியலை' என்ற பேச்சு அங்கே தொடங்குகிறது. பத்து மணி நேரம் ஒரே தறிக்கு முன்னால் நிற்பவரிடம் பாட்டே வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. ஆனால் தறி ஓடும்போது அவர் காதில் இருக்க வேண்டியது இரைச்சல் தடுக்கும் மூடி. அதை வாங்கித் தருவது தறி முதலாளியின் கடமை. பாட்டைச் சாப்பாட்டு நேரத்தில், தறிக்கூடத்துக்கு வெளியே, பாதிச் சத்தத்தில் கேட்கட்டும். வேலை முடிந்து வந்த பிறகும் காது இரைந்தாலோ, வீட்டார் பேச்சு பஞ்சு அடைத்தது போல மந்தமாகக் கேட்டாலோ, அன்றைய அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். அன்று இரவு ஹெட்செட்டைத் தொடவே கூடாது.