‘வொர்க் ஓவர்’ என்றால் வேலை முடிந்ததா?

திருவாரூர் பக்கம் ஒரு டீக்கடையில் வயதான விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார்: “அந்த எண்ணெய்க் கெணத்துல வொர்க் ஓவர்னு சொல்றாங்களே தம்பி, அப்ப வேலை முடிஞ்சு கெளம்பிடுவாங்கதானே?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. மேட்ச் ஓவர், படம் ஓவர் என்று பேசுகிற ஊர் இது. எண்ணெய்த் துறையில் ‘வொர்க் ஓவர்’ என்பது பழைய கிணற்றின் மேல் மறுபடி ரிக் என்னும் கோபுர இயந்திரத்தை நிறுத்தி, உள்ளே இறங்கியிருக்கும் குழாய்களை உருவியெடுத்துச் செப்பனிட்டு, எண்ணெய் வரத்தைத் திரும்பக் கொண்டுவருவது. விளக்கிச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அந்தத் தொழிலின் பேச்சு மட்டும் இன்னும் ஊருக்குள் வந்து சேரவில்லை. ‘சேறு’ என்றால் டெல்டாக்காரருக்கு நடவு வயல்தான் நினைவுக்கு வரும். துளையிடும் இடத்திலும் சேறு உண்டு. பென்டோனைட் களிமண்ணும் பேரைட் தூளும் கலந்த குழம்பு அது. கீழிருந்து சீறிவரும் அழுத்தத்தைத் தன் எடையால் அமுக்கி வைப்பதும், வெட்டுண்ட பாறைத் துகளை மேலே கொண்டுவருவதும் அதன் வேலை. வேலை முடிந்தபின் அந்தக் குழம்பு எங்கே போகிறது என்பதுதான் பக்கத்து வயல்காரர் கேட்க வேண்டிய கேள்வி. வெறும் சேறு என்று காதில் விழுந்தால் அந்தக் கேள்வி அவருக்கு எப்படித் தோன்றும்?

எல்லாவற்றையும்விட அதிகக் குழப்பம் தந்த சொல் ‘ஹைட்ரோகார்பன்’. மன்னார்குடி வட்டாரத்து நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்தை எதிர்த்தபோது மக்கள் ‘மீத்தேன்’ என்ற சொல்லைப் பழகிக்கொண்டார்கள். 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் போராட்டம் வெடித்தபோது பேச்சு ஹைட்ரோகார்பனுக்கு மாறியிருந்தது. இது வேறு, அது வேறு என்று ஒரு சாரார். இரண்டும் ஒன்றே என்று இன்னொரு சாரார். ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த சேர்மம்தான் ஹைட்ரோகார்பன்; மீத்தேனும் அதில் ஒன்று. இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன்தான். வாயுவின் பெயரை வைத்து வாதாடிப் பயனில்லை. எடுக்கும் முறையில்தான் விஷயம் இருக்கிறது.

மணற்பாறைத் துளைகளில் அடைபட்ட வாயு, துளையிட்டதும் பெரும்பாலும் தன் அழுத்தத்திலேயே மேலே வரும். நிலக்கரிப் படிவத்தில் வாயுவைப் பிடித்து வைத்திருப்பது நீரின் அழுத்தம்; அந்த நீரை மாதக்கணக்கில் இறைத்துத் தள்ளினால்தான் வாயு விடுபடும். ஷேல் என்னும் இறுகிய களிப்பாறையில் நீர், மணல், ரசாயனக் கலவையை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையையே விரிசல் விடவைக்க வேண்டும். மூன்றுக்கும் தண்ணீர்க் கணக்கு வேறு, ஆபத்தும் வேறு. 2016இல் மத்திய அரசு கொண்டுவந்த புதிய உரிமக் கொள்கை, இவை எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் என்றது. நிறுவனங்களுக்கு அது வசதி என்பதை மறுக்க முடியாது. ஆனால் தன் ஊரில் நடக்கப்போவது எந்த முறை என்று அறிய விரும்பும் விவசாயிக்கு ‘ஹைட்ரோகார்பன்’ என்ற ஒற்றைச் சொல் எதையும் சொல்லாது.

2020இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு என்று பெயர் சொல்லியே தடுத்தது. அது நல்ல பாடம். ஆனால் முன்பே நடந்துவரும் பணிகளை அந்தச் சட்டம் தொடவில்லை. பழைய கிணற்றின் எஃகுக் குழாயில் பக்கவாட்டில் துளை வெட்டி, அங்கிருந்து புதுத் திசையில் பல நூறு மீட்டர் துளையிடும் ‘சைடு டிராக்’ முறையும் இந்தத் துறையில் உண்டு. அது பராமரிப்பா, புதுக் கிணறா? சட்டம் காக்குமா, காக்காதா என்பது ‘சைடு டிராக்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொள்கிறோம் என்பதில் தொங்குகிறது.

‘ஆய்வு’ என்ற சொல்லும் அப்படித்தான். ஏதோ மண் பரிசோதனை போல ஒலிக்கிறது. ரிக் நிறுத்தி ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம் துளையிடுவதும் அதில் அடக்கம். அத்தகைய ஆய்வுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைத் திருத்தியது.

கருத்துக்கேட்பு நடக்கும் திட்டங்களுக்குத் தமிழில் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தரவேண்டும் என்பது விதி. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் அது தமிழ் அறிக்கை ஆகிவிடாது. ‘வொர்க் ஓவர்’ என்றே எழுதட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எத்தனை நாள் ரிக் நிற்கும், எவ்வளவு தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படும், சேறு எந்தச் சர்வே எண்ணில் கொட்டப்படும் என்பது அடுத்த வரியிலேயே இருக்க வேண்டும்.