ஊர் வீட்டுக்கு என்ன நிறம்?

நம்மவர்கள் நாலுபேர் கூடினால் இப்போது ஊர் வீட்டுப் பேச்சு வராமல் இருப்பதில்லை. பழைய வீட்டைப் பழுது பார்க்கிறோம், தோட்டத்து நடுவே புதிதாகக் கட்டுகிறோம் என்று மகிழ்ச்சியாகச் சொல்கிறார்கள். கிளிப்பச்சையும் ரோஜாவும் வேண்டாம், அடக்கமான நிறம் போதும் என்கிறார்கள். அதுவரை எனக்கும் சம்மதம். ஆனால் அடக்கம் என்று அவர்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அடர்ந்த சாம்பல் நிறம். ஜன்னல் சட்டங்களுக்குக் கறுப்பு. இதைப் பற்றித்தான் சொல்ல விரும்புகிறேன்.

இந்த மோகம் அமெரிக்கப் பண்ணை வீடுகளைப் பார்த்து வந்தது. 2013-இல் தொடங்கிய 'ஃபிக்ஸர் அப்பர்' தொலைக்காட்சித் தொடர் அதை வீடுதோறும் கொண்டுபோனது. அங்கே பல வீடுகளுக்கு மரப்பலகைச் சுவர், குளிர்காலமும் நீளம். எங்கள் விஜயபுரம் சித்தூர் மாவட்டத்தில், நகரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நாங்கள் ஆந்திரத்தில் நின்றோம். எல்லைக்கு இருபுறமும் வெயில் மட்டும் ஒன்றுதான். சித்திரை வெயிலில் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடர் நிறம் வெயிலை உள்ளிழுக்கும். பகலெல்லாம் சூடேறிய செங்கல் சுவர் அந்தச் சூட்டை இரவில் அறைக்குள் விடும். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். கூரைக்குச் சொன்னது மேற்குச் சுவருக்கும் பொருந்தும்.

நம் பெரியவர்கள் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்தார்கள். மஞ்சளடிக்காமல் இருக்கத் துளி நீலம், ஒட்டிப் பிடிக்கக் கஞ்சியோ பிசினோ சேர்த்தார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மறுபடி கல்லாக இறுகும். ஈரத்தை அடைக்காமல் வெளியே விடும். சுவரின் அடியில் இரண்டடி காவி அடித்தார்கள். மழைத்தண்ணீர் தெறிக்கும் செம்மண் அதில் தெரியாது. அழகுக்கு அழகு, உபயோகத்துக்கு உபயோகம்.

எனவே என் யோசனை இதுதான்: பால் வெள்ளை, சந்தன வெள்ளை, வெளிர் மணல் நிறம், இவற்றில் ஒன்று, அடியில் காவி. பழைய சுண்ணாம்புச் சுவரானால் அதன்மேல் நேராக எமல்ஷன் பூச வேண்டாம், உரிந்து வரும். உதிர்வதைச் சுரண்டி ப்ரைமர் அடித்த பிறகே பூசுங்கள். அல்லது சுண்ணாம்பையே தொடருங்கள். நிற அட்டையில் விரலளவு பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழுச் சுவரில் அதே நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும். சுவரிலேயே மூன்றடிக்கு மூன்றடி அடித்து, காலையிலும் உச்சி வெயிலிலும் மாலையிலும் பாருங்கள்.

பார்க்க வேண்டியவர்கள் நாமல்ல. நாம் ஆண்டுக்குப் பதினைந்து நாள் போய்ப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். மற்ற முந்நூற்றைம்பது நாளும் அந்தச் சுவருக்குள் தூங்குகிறவர்கள் அப்பாவும் அம்மாவும். பணம் அனுப்புகிறவன் என்பதால் நிறத்தையும் நானே சொல்வேன் என்பது நியாயமா? "உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சுண்ணாம்பு போதும் என்று சொன்னால், அது சிக்கனம் மட்டுமல்ல, அனுபவமும் கூட என்பதை நினைவில் வையுங்கள்.