கிரீனில் நின்று திரும்பிப் பாருங்கள்

கோல்ஃப் பயிற்சி என்றால் நம் மாணவர்கள் செய்வது ஒன்றுதான். பயிற்சித் திடலுக்குப் போய் ஒரு வாளிப் பந்து வாங்கி, வாளி காலியாகும் வரை அடித்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். நானும் மூன்று வருடம் அப்படித்தான் அடித்தேன். அந்தத் திடலில் குளம் இல்லை, மரம் இல்லை, மணற்குழி இல்லை. ஓர் அடி தவறினால் அடுத்த பந்து காலடியிலேயே இருக்கும். உண்மையான மைதானத்தில் பந்து எங்கே போய் விழுந்ததோ அங்கிருந்துதான் அடுத்த அடி. இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர ஒருவர் இருந்தார். அவர் என் தாத்தா. நான்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை.

பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கோல்ஃப் பழகுகிறவர்களுக்கு மட்டையைச் சுழற்றும் கலைக்கு முன்பாகவே, குறைந்தபட்சம் அதோடு சேர்த்தாவது, ஒவ்வொரு குழியையும் எப்படித் திட்டமிட்டு ஆடுவது என்று கற்றுத்தர வேண்டும் என்பது என் கருத்து. திட்டமெல்லாம் பெரிய ஆட்டக்காரர்களுக்குத்தான் என்று பயிற்சியாளர்கள் சிலர் சொல்கிறார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். நூறு அடி அடிக்கிறவர்களுக்குத்தான் திட்டம் அதிகம் தேவை.

தாத்தா கேடியாக இருந்தவர். இதைச் சொன்னால் சிலர் சங்கடத்தோடு சிரிப்பார்கள். தமிழில் கேடி என்றால் போக்கிரி அல்லவா! கோல்ஃபில் கேடி என்பவர் ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து, தூரம் கணித்து, எந்த மட்டையை எடுக்கலாம் என்று ஆலோசனை சொல்பவர். பேராக்கில் தோட்டத்துத் துரைமார்கள் ஆடிய ஒரு பழைய கிளப்பில் பன்னிரண்டு வயதில் பை தூக்க ஆரம்பித்தவர் அவர். திங்கட்கிழமை மட்டும் கேடிகள் ஆடலாம். நாலு பேருக்கு ஒரே பை, அதிலும் பாதி மட்டைகள் இருக்காது. அவர் அடித்தது குறைவு, பார்த்தது அதிகம். ஒரே குழியில் நூற்றுக்கணக்கானோர் ஒரே தவறைச் செய்வதைப் பையைச் சுமந்துகொண்டே பார்த்திருக்கிறார். பார்த்ததைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பழகிய எழுத்தில், புள்ளி அட்டைகளின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தார். "நாலு: வலது வேணாம். கிரீனுக்குப் பின்னால போனா செத்தோம்." இப்படி.

நான் படிவம் நான்கில் படித்தபோது மாநில அளவிலான பள்ளிகள் போட்டிக்கு எங்கள் மாவட்டப் பெண்கள் அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். பதினேழு குழிகள் முடிந்திருந்தன. கடைசிக் குழியில் ஐந்து அடித்தால் அணியில் இடம் உறுதி என்று தோழி வந்து காதில் சொன்னாள். அது பார் நான்கு, 320 மீட்டர். கிரீனுக்கு முன்னால் ஒரு குளம். கிரீனின் நடுவிலிருந்து அளந்தால் 50 மீட்டரில் தொடங்கி 15 மீட்டரில் முடியும். என் முதல் அடி அழகாக 170 மீட்டர் போய் ஃபேர்வேயின் நடுவில் நின்றது. மீதி 150.

பையிலிருந்து மூன்றாம் நம்பர் வுட்டை எடுத்தேன். பயிற்சித் திடலில் அதை வைத்து 150 மீட்டர் அடித்திருக்கிறேன். எத்தனை முறை? பத்தில் மூன்று இருக்கலாம். அந்த மூன்றுதான் எனக்கு நினைவில் இருந்தது. பந்து குளத்தில் விழுந்தது. தண்ட அடி சேர்ந்து மூன்று ஆனது. கோபத்தில் அதே மட்டையால் மறுபடி அடித்தேன், மறுபடியும் குளம். அடுத்தது எப்படியோ கிரீனின் பின்கோடியில் போய் நின்றது. அங்கிருந்து மூன்று பட். மொத்தம் ஒன்பது.

தாத்தா கயிற்றுக்கு அப்பால் நின்றிருந்தார். பார்வையாளரிடம் ஆலோசனை கேட்கக் கூடாது என்பது விதி. அவரும் வாயைத் திறக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் காரில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, அஞ்சுதானே வேணும்? நாலு யாரு கேட்டா?"

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 150 மீட்டரிலிருந்து ஒன்பதாம் நம்பர் அயர்னால் 80 மீட்டர் அடித்திருந்தால் குளத்துக்கு இருபது மீட்டர் முன்னாலேயே பந்து நின்றிருக்கும். அங்கிருந்து 70 மீட்டர் வெட்ஜ். அது எனக்குக் கைவந்த அடி. பிறகு இரண்டு பட். ஐந்து. எந்த அசாத்தியத் திறமையும் தேவைப்படாத ஐந்து.

மறுவாரம் தாத்தா என்னை அந்தக் கிளப்புக்கு அழைத்துப் போனார். மட்டைகள் வேண்டாம், தொப்பி போதும் என்றார். மதிய வெயிலில் பதினெட்டாம் குழியின் கிரீனில் ஏறி நின்று, "இங்கேருந்து டீயைப் பாரு" என்றார். டீயிலிருந்து பார்த்தால் குளமும் கொடியும் மட்டும்தான் கண்ணில் படும். கிரீனிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, இத்தனை நாளும் நான் கவனிக்காத ஒன்று தெரிந்தது. ஃபேர்வேயின் இடதுபக்கம் குளத்துக்கு முன்னால் ஓர் அகலமான சமதளம். அங்கிருந்து கிரீன் முழுவதும் திறந்து கிடக்கிறது. அந்தக் குழியை அமைத்தவர் குறும்பாக ஒளித்துவைத்த கதவு அது.

தாத்தாவின் முறை இவ்வளவுதான். கொடியிலிருந்து பின்னோக்கி நடப்பது. இந்தக் கிரீனில் எந்தப் பக்கம் தவறினால் தப்பிக்கலாம், எந்தப் பக்கம் தவறினால் அகப்பட்டுக்கொள்வோம் என்று முதலில் பார்ப்பார். அதை வைத்துக் கடைசி அடியை எங்கிருந்து அடிப்பது சுலபம் என்று முடிவு செய்வார். அந்த இடத்துக்கு எந்த மட்டை கொண்டுபோகும் என்பதைக் கடைசியில்தான் யோசிப்பார். நாம் தலைகீழாகச் செய்கிறோம். டீயில் ஏறியதும் டிரைவர் கைக்கு வந்துவிடுகிறது.

தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த ஓர் உதாரணம், அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தின் பன்னிரண்டாம் குழி. பார் மூன்று, வெறும் 155 கஜம். மாஸ்டர்ஸ் போட்டியில் ஆடுகிறவர்களுக்கு அது ஒரு சிறிய அயர்ன் அடி. ஆனால் முன்னால் ரேஸ் கிரீக் ஓடை. கிரீன் அகலமானது, ஆழம் மிகக் குறைவு, அதோடு சாய்வாக அமைந்திருக்கிறது. வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடத் தூரத்தில் இருக்கிறது. வலக்கை ஆட்டக்காரர் பந்தை வலப்பக்கம் தவறவிட்டால் அது பெரும்பாலும் குட்டையாகவும் போகும். இடப்பக்கம் தவறினால் நீளமாகப் போகும். அதாவது, மனிதர்களின் இயல்பான தவறு எந்தச் சாய்வில் விழுமோ அதற்கு நேரெதிர்ச் சாய்வில் கிரீனைப் போட்டிருக்கிறார்கள். கொடி வலப்பக்கம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நேராகக் குறிவைப்பவருக்கு ஓடைதான் கதி.

2016-இல் ஜோர்டன் ஸ்பீத் ஒன்பது குழிகள் முடிவில் ஐந்து அடி முன்னிலையில் இருந்தார். பன்னிரண்டில் இரண்டு பந்துகள் தண்ணீரில், ஏழு அடித்தார். கோப்பை டேனி வில்லெட்டுக்குப் போனது. 2019-இல் முன்னிலையில் இருந்த மொலினாரியின் பந்து அதே ஓடையில் விழுந்தது. அவரோடு ஆடிய ஃபினாவின் பந்தும் ஓடைக்கே போனது. அந்தக் குழுவின் மூன்றாமவர் டைகர் வுட்ஸ். அவர் கொடியைப் பார்க்கவே இல்லை. இடப்பக்கம், மணற்குழிக்கு மேலாகக் கிரீனின் பாதுகாப்பான பகுதிக்கு அடித்தார். இரண்டு பட், பார். கைதட்டும்படியான அடி அல்ல. அன்று மாலை பச்சைக் கோட்டு அவர் தோளில் இருந்தது.

அதே வுட்ஸ் 2006-இல் ஹோய்லேக்கில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றபோது, 72 குழிகளில் டிரைவரை எடுத்தது ஒரே ஒரு முறை. உலகின் மிக நீளமாக அடிப்பவர்களில் ஒருவர் அவர். ஆனால் அந்த வறண்ட கோடையில் தரை இறுகிப் பந்து வெகுதூரம் உருண்டது. ஃபேர்வே ஓரத்து மணற்குழிகள் காத்திருந்தன. அவற்றுக்கு எட்டாத தூரத்தில் அயர்னால் நிறுத்தினார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஸாக் ஜான்சனின் கதை. அவர் நீளமாக அடிப்பவர் அல்லர். 2007 மாஸ்டர்ஸில் பார் ஐந்து குழிகளை மற்றவர்கள் இரண்டே அடியில் எட்ட முயன்றபோது, அவர் பதினாறு முறையும் தண்ணீருக்கு முன்னாலோ வசதியான தூரத்திலோ நிறுத்தி, மூன்றாவது அடியை வெட்ஜால் அடித்தார். அந்தப் பதினாறில் பதினொரு பேர்டிகள், ஒரு போகிகூட இல்லை. இரண்டு அடி வித்தியாசத்தில் வென்றார்.

இதைப் படித்துவிட்டு எங்கும் பம்மி ஆடுவதுதான் புத்திசாலித்தனம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான அடிகளின் தரவுகளை ஆராய்ந்தார். நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் உள்ள புள்ளி வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில்தான் உருவாகிறது என்பது அவர் கண்டது. பொதுவாகக் கிரீனுக்கு அருகில் இருப்பது தூரத்தில் இருப்பதைவிட மேல் என்பதும் அவர் கணக்கு. ஆகவே ஆபத்து இல்லாத இடத்தில் வீணாகக் குறைத்து அடிப்பதும் நஷ்டமே. தாத்தா இந்த ஆய்வைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எங்கள் ஐந்தாம் குழிக்கு அவர் எழுதியிருந்த குறிப்பு: "ரெண்டு பக்கமும் ஒண்ணுமில்ல. ஓங்கி அடி."

பிராடியின் இன்னொரு கணக்கு என்னைப் பெரிதும் ஆறுதல்படுத்தியது. எட்டு அடி தூரத்திலிருந்து பட் செய்யும்போது உலகத் தரத் தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதி முறைதான் பந்தைக் குழிக்குள் விடுகிறார்கள். தொலைக்காட்சியில் உள்ளே விழுந்தவற்றை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டுவதால் நமக்கு அது தெரிவதில்லை. எட்டு அடியில் தவறவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளும் மாணவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

அட்டையில் அச்சிட்டிருக்கும் பார் யாருடையது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹேண்டிகேப் 18 உள்ள ஒருவருக்குக் குழிக்கு ஓர் அடி சலுகை உண்டு. அவருடைய பார் நான்கு அல்ல, ஐந்து. அப்படி நினைத்துப் பார்த்தால் அதே குழி வேறு குழியாகிவிடும். குளத்தைத் தாண்டும் கட்டாயமே மறைந்துவிடும். எங்கள் அணியில் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன். மானக்கேடு என்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். நம் பிள்ளைகள் போகிற தன்முனைப்பு முகாம்களில் எல்லாம் துணிந்து இறங்கு, உன்னால் முடியும் என்றே சொல்லித்தருகிறார்கள். அந்தக் கடைசிக் குழியில் எனக்குத் தன்னம்பிக்கை குறையவே இல்லை. அளவுக்கு மேலேயே இருந்தது. பத்தில் மூன்று என்ற உண்மைதான் குறைவாக இருந்தது. 1999 பிரிட்டிஷ் ஓப்பனில் ஜான் வான் டி வெல்டே கடைசிக் குழிக்கு மூன்று அடி முன்னிலையோடு வந்தார். ஆறு அடித்தாலே கோப்பை. டிரைவரை எடுத்தார், ஓடையில் பந்தை விட்டார், ஏழு அடித்தார், பிறகு பிளேஆஃபில் தோற்றார். துணிச்சல் இல்லாதவர் என்று அவரை யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. முழு மைதானத்தில் ஆடக் கட்டணம் அதிகம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பயிற்சித் திடலோடு நின்றுவிடுகிறார்கள். அதனால் அழகாகச் சுழற்றத் தெரிந்தவர்கள், ஆடத் தெரியாதவர்களாகப் போட்டிக்கு வருகிறார்கள். திட்டமிடக் கற்பதற்கோ பந்துகூடத் தேவையில்லை. பள்ளி கேட்டால் மதிய வேளையில் மாணவர்களை நடக்கவிடும் கிளப்புகள் இருக்கின்றன. ஒரு நோட்டுப் புத்தகம், தம் மட்டைகள் ஒவ்வொன்றும் உண்மையில் எவ்வளவு போகின்றன என்ற பட்டியல், பதினெட்டுக் குழிகளையும் கிரீனிலிருந்து டீக்குத் திரும்பி நடக்க மூன்று மணி நேரம். பயிற்சியாளர்கள் மாதத்தில் ஒரு வாளிப் பந்தைக் குறைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். அந்தப் பட்டியலில் அதிகபட்சத் தூரத்தை எழுதக் கூடாது. பத்தில் ஏழு முறை போகிற தூரத்தை எழுத வேண்டும். என் பட்டியலை முதல் முறை எழுதியபோது அழுகை வந்தது. ஒவ்வொரு மட்டையிலும் பத்துப் பதினைந்து மீட்டர் காணாமல் போயிருந்தது.

இந்த வருடம் பல்கலைக்கழக அணித் தேர்வும் அதே கிளப்பில்தான் நடந்தது. பதினெட்டாம் குழியில் என் முதல் அடி வலப்பக்கப் புல்லுக்குள் போய்விட்டது. மீதி 165 மீட்டர். உடன் ஆடியவர் வுட்டை எடுத்து அற்புதமாகக் குளத்தைத் தாண்டினார். நான் எட்டாம் நம்பர் அயர்னால் இடப்பக்கச் சமதளத்துக்கு அடித்தேன். வெட்ஜ் அடி கொடியிலிருந்து நன்றாகவே தள்ளி விழுந்தது, இரண்டு பட், ஐந்து. அவர் நான்கு அடித்தார்; மனதாரக் கைகுலுக்கினேன்.

தாத்தாவுக்கு இப்போது முழங்கால் வலி, கிளப் வரை வருவதில்லை. இரவு தொலைபேசியில் அழைத்தேன். அணியில் இடம் கிடைத்ததா என்று அவர் கேட்கவில்லை.

"பதினெட்டுல எந்தக் குச்சிம்மா எடுத்தே?"

"எட்டாம் நம்பர் தாத்தா. இடதுபக்கம்."

"புல்லுக்குள்ளேருந்தா? ஒன்பது போதுமே. எட்டு கொஞ்சம் ஓடுமேம்மா."

எழுந்துபோய் நோட்டில் அதையும் குறித்துக்கொண்டேன்.