நெடுந்தீவுப் படகும் நட்டக் கணக்கும்

நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு முதலிய யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஜனத்தொகை சுருங்கிவிட்டபடியால், அவற்றுக்கு அரசாங்கச் செலவில் படகு விடுவது வீண் விரயம் என்றொரு வாதம் வெகுநாளாக உலவுகிறது. தமிழ்நாட்டுக் கரிசற்காட்டுக் குமாரலிங்கபுரத்தானாகிய எனக்கு இதில் என்ன அக்கறை என்பார்க்கு ஒரு வார்த்தை: வானம் பொய்த்த வருஷங்களில் எங்கள் சீமை ஜனங்கள் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் வழியாகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்ப் பிழைத்தவர்கள். 1914-ல் ரயிலும் கப்பலுமாகத் தொடங்கிய அந்த மார்க்கத்தின் தனுஷ்கோடித் துறையை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோயிற்று; கடல்வழி அற்றுப்போவது என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

ஆள் இல்லை என்பது முதல் வாதம். யுத்தம் துரத்தியவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், படகு ஒழுங்காக ஓடாத தீவில் குடும்பம் தரிப்பது எங்ஙனம்? மீனைக் காக்கும் ஐஸ் கரையிலிருந்து வரவேண்டும். பிடித்த மீன் கரைக்குப் போகவேண்டும். காலைப் படகு தவறினால், இரவெல்லாம் கடலில் உழைத்த பலன் வெயிலில் பழுதாகும். பஸ்ஸை நிறுத்திவிட்டு, 'பஸ் ஏற ஆளில்லை' என்று எழுதிவைக்கும் எங்கள் பக்கத்து நியாயமும் இதுவேதான். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் 2008-ல் கப்பற் கட்டணத்தைச் சாலைப் பிரயாணச் செலவுக்கு நிகராகக் குறைத்தபோது பிரயாணிகள் பெருகினர். பின்னர் கப்பலில் இடம் போதவில்லை என்ற முறையீடே எழுந்தது. அத்தகைய தொல்லை நெடுந்தீவுக்கும் வாய்க்கட்டுமே!

தனியார் படகு போதும் என்பாரும் உளர். கூலி கிடைக்கும் நாளில் அது போதும். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கையில், பிரசவ வேதனைப்படுகிறவளை ஏற்றிச்செல்லும் கடமை அதற்கில்லை. 1985 மே 15 அன்று நடுக்கடலில் பிரயாணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட குமுதினி என்ற நெடுந்தீவுப் படகிலேயே தீவு மக்கள் மீண்டும் ஏறினார்கள் என்றால், அது துணிவு மட்டுமன்று, வேறு வழியின்மையும்கூட.

பாலம் கட்டினால் போயிற்று என்பது மூன்றாவது. பண்ணையிலும் புங்குடுதீவிலும் ஆழமற்ற நீரில் சாலை போட்டது உண்மை. குறிகட்டுவான் துறைக்கு அப்பால் நெடுந்தீவு ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகோட்டத் தொலைவில், திறந்த கடலில் கிடக்கிறது. அந்தப் பாலத்தைக் கனவு காண்பவர்கள், அதற்குமுன் பழுதுக்கு ஒரு மாற்றுப் படகும், துறையில் நிழலும், படகு வந்துசேரும் வரை காத்திருக்கும் பஸ்ஸும் கேட்டுப் பெறட்டும்.