கொள்ளுப்பாட்டனாரின் குற்றம்



சென்ற திங்கள் என் மகன் தன் பள்ளிக்கு வம்சாவளி எழுதிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ரயில்வே குமாஸ்தாவின் வாழ்வே காகிதத்தோடுதான். ஆயினும் என் குடும்பத்தைப் பற்றி மூன்று பெயர்களுக்குமேல் எனக்குத் தெரியவில்லை. ஆகவே பரண்மீது கிடந்த தகரப்பெட்டியை இறக்கினேன். வீட்டுப் பத்திரத்தின் மடிப்புக்குள் பழுப்பேறிய தீர்ப்பு நகல் ஒன்று இருந்தது. ஆண்டு 1894. அரசாங்கக் காட்டில் அனுமதியின்றிச் செம்மரம் வெட்டியதற்காக என் கொள்ளுப்பாட்டனாருக்கு 5 ரூபாய் அபராதம். செலுத்தத் தவறினால் 15 நாள் வெறுங்காவல்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சந்திரகிரிக்கு வந்து, குடும்பத்தை நிலைநிறுத்திய உத்தமர் என்றே அவரைப் போற்றி வந்தோம். நகலை அன்னையாரிடம் படித்துக் காட்டினேன்.

“அடுப்பில் போட்டுவிடப்பா. உன் தங்கைக்கு வரன் பேசும் வேளையில் இது எதற்கு?” என்றார்.

அவர் அச்சம் நியாயமானதே. ஆயினும் எனக்குக் கை எழவில்லை.

1882இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. அதுவரை ஊரார் விறகுக்கும் ஏர்க்காலுக்கும் சென்று வந்த காடுகள் பல, அதன்பின் அரசாங்கக் காடுகளாயின. அங்கே மரம் வெட்டுவதும் ஆடு மேய்ப்பதும் குற்றமாயின. இதைக் கொண்டு கொள்ளுப்பாட்டனாரைக் குற்றமற்றவர் ஆக்க நான் முயலவில்லை. சட்டம் வந்து 12 ஆண்டுகள் கழிந்திருந்தன. அறியாமல் செய்தார் என்று சொல்ல வழியில்லை. ஆனால் அக்காகிதம் அவர் வெட்டிய மரத்தைச் சொல்கிறதே தவிர, அன்று வீட்டில் உலை கொதித்ததா என்பதைச் சொல்லவில்லை.

1788 முதல் 1868 வரை இங்கிலாந்து ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தியது. அவர்கள் சந்ததியார் நெடுங்காலம் அதை மறைத்தனர்; இன்றோ தேடியெடுத்துப் பெருமையுடன் கூறுகின்றனர். துணி திருடியதற்காகச் சிறுவயதிலேயே தண்டனை பெற்றுக் கப்பலேற்றப்பட்ட மேரி வேட் என்பவரின் வழித்தோன்றலே, அந்நாட்டின் பிரதமராயிருந்த கெவின் ரட்.

நம் கதை அத்துணை தொலைவில் இல்லை. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் நம் சேஷாசலக் காட்டில் 20 தமிழர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரக் கடத்தற்காரர் என்றனர் போலீசார். கூலிக்குப் போனவர் என்றன குடும்பங்கள். என் கொள்ளுப்பாட்டனார் 5 ரூபாயோடு வீடு திரும்பினார், அவர்கள் திரும்பவில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகளும் ஒருநாள் வம்சாவளி எழுதுவார்கள். அன்று நாம் அவர்களை எந்தக் கண்ணால் நோக்குவோம்?

இதைச் சொன்னபோது அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கொலுப்பெட்டியிலிருந்து மரப்பாச்சி இணையை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

“இதுவும் அந்த மரந்தானோ என்னவோ!” என்றார்.

தங்கையோ, “வருகிறவர்களிடம் நானே சொல்கிறேன், அண்ணா” என்றாள்.

மகன் தன் தாளில் கொள்ளுப்பாட்டனார் பெயரோடு அபராதத்தையும் சேர்த்தே எழுதினான்.

உங்கள் வீட்டுப் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். 1911க்கு முன் சந்திரகிரி வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. பின்னர் சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். ஆகவே பழைய ஏடுகளைத் தேடுவோர் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் நாடலாம். எது கிடைத்தாலும், நேயர்களே, அடுப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.